ஓராள் கூடாரம்

செப்டம்பர் 4

இந்த டைரியை யாகூப் பாய் கொடுத்தார். எங்களிடம் முட்டை எடுக்க வேனில் வருபவர். போன வருஷத்து டைரி. "தேதி சரியா இருக்கும், கிழமைதான் தப்பா இருக்கும். வாய்தான் தொறக்க மாட்டேங்குற, கையாவது பேசட்டும்" என்று சொல்லிச் சிரித்தார். நான் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் பெயர், ஊர், வேலை எல்லாம் கேட்டிருக்கிறது. செவ்வந்தி. வயது பதினாறு. ஊர் நெமிலிப் பக்கம். வேலை என்ற இடத்தில் வாத்து என்று மட்டும் எழுதினேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பா அம்மாவோடு நடக்க ஆரம்பித்தேன். ஊரிலிருந்து வாத்துகளை லாரியில் ஏற்றிவந்து இறக்குவார்கள். அதன் பிறகு பல மாதங்களுக்கு நடைதான். அறுவடை முடிந்த வயல்களாகப் பார்த்து ஓட்டிப்போவோம். சிந்திய நெல்லையும் நத்தையையும் வாத்துகள் தின்னும். இரவுக்கு வலை கட்டி அடைப்போம். விடியும்போது முட்டை பொறுக்குவோம். வயல் தீர்ந்ததும் அடுத்த ஊர்.

இப்போது சீர்காழிக்குத் தெற்கே, குறுவை அறுத்த வயல்களில் இருக்கிறோம். அப்பாவும் நானும் மட்டும்.

செப்டம்பர் 6

இன்று இடம் மாறினோம். வலையும் கம்புகளும் அப்பா தோளில். பாத்திரச் சாக்கு என் முதுகில். கூடாரம் எப்போதும் அம்மா தலையில்தான் வரும். தார்ப்பாயும் வளைத்துக் கட்டும் மூங்கில் பத்தைகளும் சேர்ந்த கட்டு அது. இன்று நான் தூக்கினேன். காலையில் தூறல் விழுந்ததால் தார்ப்பாய் நனைந்து கனத்தது. பாதி வழியில் அப்பா திரும்பிப் பார்த்து, "குடும்மா இப்டி" என்றார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் வலையை எங்கே வைப்பார்?

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அம்மா ஒரு நாளும் கழுத்து வலி என்று சொன்னதில்லை. பங்குனியில் காய்ச்சல் வந்தபோதுகூட, "கட்ட எறக்குங்க, கொஞ்சம் ஒக்காந்துக்கறேன்" என்றுதான் சொன்னார். வயல் எலியிலிருந்து வரும் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

செப்டம்பர் 9

வாய்க்கால் கரையில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து தங்கினார். கர்நாடகாக்காரர். ஊரிலிருந்து நடந்தே ராமேஸ்வரம் போகிறாராம். முதுகில் ஒரே ஒரு பை. அதற்குள் சோறு பொங்கும் சட்டி, போர்வை, வீடு எல்லாம் இருக்கிறது. வீடு என்று நான் சொல்வது அவருடைய கூடாரத்தை. ஆரஞ்சு நிறம். இரண்டு மெல்லிய குச்சிகளை உதறினார், அவை தாமாகவே நீண்டன. குறுக்கே வளைத்துச் செருகினார். துணி கோழிக் கூடைபோல எழுந்து நின்றது. அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 10

வாத்துகளும் அதைப் பார்த்திருக்கின்றன. விடியற்காலையில் அவர் கூடாரத்தை எடுத்து உதறியதும் மொத்தக் கூட்டமும் மிரண்டு வலையின் ஒரு மூலையில் போய் ஏறிக்கொண்டது. சில வாத்துகள் அடியில் நசுங்கிச் செத்தன. முட்டை பாதிக்கும் கீழே. மிரண்ட வாத்து சில நாளைக்கு முட்டையிடாது.

அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு, "தப்பாச்சு, தப்பாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "உனக்கு எப்டி தெரியும், வுடுபா" என்றார். பிறகு அந்தக் கூடாரத்தைச் சுருட்டிய பையை ஒற்றை விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு என் விரலிலும் மாட்டினார்.

"பாத்தியாம்மா, ஒரு சொரக்கா கனம்கூட இல்ல."

செப்டம்பர் 12

மூன்று வாத்துகளுக்கு இன்னும் கால் சரியாகவில்லை. கூடையில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 15

அப்பா அடுத்த வயல் கேட்க ஊருக்குள் போயிருந்தார். பொழுது சாயும் நேரம். மோட்டார் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். முட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினேன். "ஊமையா?" என்று ஒருவன் கேட்டான். மற்றவன் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கிவந்து தார்ப்பாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "ராத்திரி இதுக்குள்ளதான் படுப்பியா?" என்றான். பிறகு அவன் ஏறிக்கொள்ள, பைக் கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் வாத்துகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். அப்பா தடியோடு ஓடி வருவதைப் பார்த்ததும் போய்விட்டார்கள்.

வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 16

கூடாரத்தின் திறந்த பக்கத்தை அப்பா சாக்கு வைத்துத் தைத்தார். கோணி ஊசி கையில் குத்திவிட்டது. உள்ளே காற்றே இல்லை. அப்பா வெளியில் உட்கார்ந்தே இருந்தார். காலையில் பார்த்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 17

அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டேன். தலையில் துண்டை உருமால் கட்டினேன். மதியம் வயல்காரர் வரப்பில் நின்று, "ஏ தம்பி, வாத்த அந்தாண்ட ஓட்டு, நாத்தங்கால்ல எறங்கிடப் போவுது" என்று கத்தினார். தம்பி என்று சொன்னதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இனிமேல் இப்படியே இருந்துவிடலாம் என்று அப்பாவிடம் காட்டுவதற்காக முன்னால் போய் நின்றேன்.

அப்பா பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பை ஊன்றப் போய்விட்டார்.

செப்டம்பர் 19

மாயவரத்துக்குப் போனோம். யாகூப் பாய் தன் மச்சானை வாத்துகளுக்குக் காவல் வைத்துவிட்டு எங்களை வேனில் கூட்டிப்போனார். தார்ப்பாய், குடை, மழைக்கோட்டு விற்கும் கடை. அங்கே கூடாரமும் வைத்திருக்கிறார்கள். அப்பா ஒரு கூடையில் இரண்டு வாத்துகளை எடுத்துவந்திருந்தார்.

"யோவ், என்னய்யா, கடைக்குள்ள கோழியத் தூக்கிட்டு வர்ற?" என்றார் கடைக்காரர்.

"கோழி இல்லீங்க, வாத்து."

"சரி, வாத்த ஏன்யா தூக்கிட்டு வர்ற?"

"இதுங்க மிரளாம இருந்தாத்தாங்க நான் வாங்க முடியும். ஆரஞ்சுக் கலர் டென்ட்ட பாத்து ஒரு தடவ மிரண்டுடுச்சிங்க."

கடைக்காரர் உள்ளே திரும்பி, "இந்திரா, இங்க வந்து பாரேன். வாத்து டென்ட் எடுக்க வந்திருக்கு" என்று கூப்பிட்டார். அவர் மனைவி வந்து பார்த்துச் சிரித்தார். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

ஆனால் கடைக்காரர் நல்லவர். ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். முதலில் ஆணி அடித்து இழுத்துக் கட்டும் வகை. சேற்றில் ஆணி நிற்காது என்று அப்பா வேண்டாம் என்றார். அடுத்தது ஒற்றைத் துணியில் தைத்தது. நல்ல லேசு, ஆனால் மூச்சுக்காற்று உள்ளேயே வியர்த்துச் சொட்டுமாம். மூன்றாவது உள்ளே கொசுவலை, மேலே தனித் துணி, கீழே தரைக்கும் ரெக்ஸின்போல ஒரு துணி. தானாகவே நிற்கும். இரண்டு பேர் படுக்கலாம். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நிறம் பளபளக்கும் வெள்ளி. கூடையைத் திறந்ததும் ஒரு வாத்து குடைகளுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. இன்னொன்று கல்லாப்பெட்டி மேல் ஏறிவிட்டது.

"கரும்பச்சையில வருங்களா?"

"வரும். பத்து நாள் ஆவும்."

அப்பா ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்குப் பூட்டு போட முடியுங்களா? உள்ளாரருந்து?" என்று கேட்டார்.

"துணிக்கு எதுக்குய்யா பூட்டு? பிளேட வச்சு ஒரு இழு இழுத்தா..." என்று ஆரம்பித்த கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஜிப்பை இழுத்து மூடினார். அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

செப்டம்பர் 20

காலையில் அப்பா களத்து மண்ணில் குச்சியால் ஒரு பெரிய கட்டம் போட்டார். கரும்பச்சைக் கூடாரம் இந்த அளவுதான் இருக்கும் என்றார். நடுவில் ஒரு கோடு இழுத்தார். "இந்தாண்ட நீ. அந்தாண்ட நானு. கால்மாட்டுல சாமானு." நான் என் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். கை நீட்ட இடம் இருந்தது. அப்பா தன் பக்கத்தில் படுத்தார். இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். வாத்துகள் வந்து எங்களைச் சுற்றி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தன. அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நடையில் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 24

குத்தாலம் போகும் வழியில் கட்டையன் மாமாவின் வாத்துக் கூட்டம் எதிரில் வந்தது. மாமா எங்கள் ஊர்க்காரர்தான். அவரும் அவருடைய இரண்டு மகன்களும் ஓட்டுகிறார்கள். மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். நான் டீ போட்டேன்.

"இன்னா கன்னியப்பா, மங்கவரம் இருந்தவரிக்கும் சரி. இப்பவும் பொண்ண வயலு வயலா இட்டுகினு சுத்தறியே" என்றார் மாமா. மங்கவரம் என் அம்மாவின் பெயர்.

அப்பா டீயை ஊதிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் ஊதிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 26

இன்று நாள் முழுக்க வாத்துகளுக்குச் சாயம் வைத்தோம். நான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, அப்பா இறக்கையில் நீலம் தடவினார். எதற்கு என்று கேட்டேன். "திருட்டுப் போவாம இருக்கத்தான்" என்றார். இரண்டு பேருடைய கூட்டத்தை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும்போதுதான் சாயம் வைப்பது வழக்கம். ஆனால் திருட்டுக்காகவும் வைக்கலாம். வைக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

கை இரண்டும் நீலமாகிவிட்டது. சோப்பு போட்டும் போகவில்லை.

செப்டம்பர் 28

அப்பா வரப்பில் நடந்துகொண்டே அத்தையோடு போனில் பேசினார். அஞ்சலாட்சி அத்தை அப்பாவுக்கு அக்கா. அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அப்பா பேசியது மட்டும் கேட்டது.

"சரிக்கா."

"இல்லக்கா, அதுகிட்ட இன்னும் சொல்லல."

"அழாதுக்கா. அழுதாக்கூட பரவால்ல. பேசாம இருக்கும், அதான்."

அதன் பிறகு தூரமாகப் போய்விட்டார். நான் கொள்ளுத் தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கினேன்.

அக்டோபர் 1

கடையிலிருந்து யாகூப் பாயிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மறுபடி மாயவரம். மறுபடி கூடையில் இரண்டு வாத்துகள். கரும்பச்சை வந்திருந்தது. பெரிதும் இருந்தது, சிறிதும் இருந்தது.

கடைக்காரர் பெரியதை எடுத்துப் பிரிக்கப் போனார். அப்பா, "அது வோணாங்க. சின்னது" என்றார்.

"எத்தன பேருக்குய்யா? போன தடவ ரெண்டு பேருக்குன்னு சொன்னே?"

கடைக்காரர் என்னைத்தான் பார்த்துக் கேட்டார். அவர் மனைவியும் என்னைத்தான் பார்த்தார். இரண்டு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். என் தொண்டை வரை வந்துவிட்டது. எச்சிலை விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று விழுங்கினேன். அதற்குள் அப்பா மேலே தொங்கிய கயிற்றுக் கட்டுகளைப் பார்த்தபடி, "ஒருத்தருக்குங்க" என்றார்.

சிறியதைப் பிரித்து நிறுத்தினார்கள். கூடையைத் திறந்ததும் ஒரு வாத்து நேராக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கடைக்காரர், "பாத்தியா, அதுக்குப் பிடிச்சிருச்சு" என்று கை தட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

வேனில் வரும்போது யோசித்தேன். அப்பா எப்போதும் வெளியில்தான் படுப்பார். அதனால்தான் ஒருவருக்கு வாங்கியிருக்கிறார். எனக்காகத்தான்.

அக்டோபர் 2

கூடாரத்தைக் களத்தில் நிறுத்திப் பார்த்தோம். நன்றாக இருக்கிறது. வாத்துகள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னைப் படுக்கச் சொல்வார் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

அவரே படுத்துப் பார்த்தார்.

அக்டோபர் 3

அத்தை நாளைக்கு வருகிறார். நான் அவரோடு ஊருக்குப் போய் அவர் வீட்டில் இருக்க வேண்டும். அங்கே ஒரு அக்கா தையல் சொல்லித்தருகிறாராம். அப்பா கட்டையன் மாமா கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறார். இதையெல்லாம் அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே, வலையைப் பார்த்தே சொன்னார்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்தேன். தார்ப்பாயைத் தூக்கினால் எனக்கு இப்போது கழுத்து வலிப்பதில்லை. முடியை வெட்டிக்கொள்கிறேன். இனி யாராவது கேட்டால் பேசுகிறேன், கத்தக்கூடச் செய்கிறேன். இவ்வளவும் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"நீங்க உள்ள படுத்துக்கங்கப்பா. நான் வெளியிலயே படுத்துக்கறேன்."

அப்பாவின் கை வலையிலேயே நின்றுவிட்டது.

"அதாம்மா கூடாது" என்றார். "அதுக்குத்தாம்மா."

பிறகு வலையில் இல்லாத சிக்கை நெடுநேரம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 4

அத்தை வந்தார். பழைய தார்ப்பாயைக் கட்டையன் மாமாவிடம் கொடுத்துவிட்டோம். மூட்டைகளை மூடிவைக்க ஆகும் என்று வாங்கிக்கொண்டார்.

பஸ் ஏறும்போது அப்பா என் கையில் ஒரு பை கொடுத்தார். உள்ளே அவித்த வாத்து முட்டை. ஓடு எல்லாம் உரித்திருந்தது. அவருக்கு உரிக்கப் பொறுமை கிடையாது, நான்தான் எப்போதும் உரித்துத் தருவேன். முட்டையெல்லாம் நகம் பட்டுப் பிய்ந்திருந்தது.

அக்டோபர் 8

அத்தை வீடு தளம் போட்ட வீடு. கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். அத்தை இரவில் இரண்டையும் போட்டுவிட்டு, கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "நிம்மதியா தூங்கு" என்கிறார். அன்பாகத்தான் இருக்கிறார். விடிவதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பொறுக்க ஒன்றும் இல்லை. படுத்தே இருக்கிறேன்.

தையல் அக்கா என் விரல்களைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, நீலம்? துணில ஒட்டிக்கப் போவுது, போய்க் கழுவு" என்றார். கழுவுவதுபோலப் பாவனை செய்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 10

சாயங்காலம் அத்தையின் போனில் அப்பா கூப்பிட்டார். "ஏம்மா, இந்த டென்ட்ட எப்டி கட்டறது? எந்தக் குச்சி எதுல போவுதுன்னே தெரியல" என்றார். சொன்னேன்.

அக்டோபர் 11

இன்றும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். நேற்று சொன்னது மறந்துவிட்டதாம். மறுபடி சொன்னேன். போனை வாங்கி வைத்த அத்தை, "நூத்துக்கணக்குல வாத்த மேய்க்கிறான், ரெண்டு குச்சி சொருவத் தெரியலயா உங்கப்பனுக்கு?" என்றார்.

அக்டோபர் 12

கூப்பிட்டார். சொன்னேன்.

அக்டோபர் 14

நேற்று போன் வரவில்லை. அங்கே டவர் இல்லையோ, சார்ஜ் இல்லையோ. தைத்த பாவாடை நாடாவைத் தப்பாகக் கோத்து மூன்று முறை பிரித்தேன்.

இன்று இங்கே மழை இல்லை. மேகம் மட்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வந்தது. அத்தை எடுத்து, "இந்தா, உன் மாணவன்" என்று கொடுத்தார்.

"ஏம்மா, சாப்ட்டியா? தையலு எப்டி போவுது? இன்னும் டென்ட்ட கட்டலம்மா. எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு கொஞ்சம் சொல்லு."

போனில் மழைச் சத்தம் கேட்டது. வயலில் பெய்யும் மழை எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். மரத்தடியில் ஒதுங்கி நின்றால் எப்படிக் கேட்கும் என்றும் தெரியும். இது துணிமேல் விழும் மழை. இழுத்துக் கட்டிய துணி, காதுக்குப் பக்கத்தில். அப்பா பேசுவதை நிறுத்தும்போதெல்லாம் அது மட்டும் கேட்டது.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கேக்குதாம்மா?" என்றார்.

"கேக்குதுப்பா" என்றேன்.

அடுக்களையிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். நான் வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். மேடான இடமாகப் பார்க்க வேண்டும். கல்லும் முள்ளும் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பக்கம் முதுகு வருகிற மாதிரி தரைத்துணியை விரிக்க வேண்டும். குச்சியை அவசரப்பட்டு உதறக் கூடாது, ஒவ்வொரு கணுவாகச் செருக வேண்டும். அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார்.

இவ்வளவு நான் ஒருவரிடமும் பேசியதில்லை. மேல் துணியைப் போர்த்தும் இடம் வந்துவிட்டது. அதைப் போர்த்தி நான்கு மூலையிலும் மாட்டிவிட்டால் முடிந்தது, போனை வைத்துவிடுவார். அதனால் மாட்டுவதற்கு முன்னால் கயிற்றில் முடிச்சுப் போட வேண்டும் என்று சொன்னேன். அப்படி ஒரு முடிச்சே அந்தக் கூடாரத்தில் கிடையாது. அப்பா, "எப்டி முடிச்சு, நிதானமா சொல்லு" என்றார்.